கட்டம் குலைந்தால் எங்கே பார்ப்பது? ஆர் மொழியில் பல வரைபடங்களை ஒரே தாளில் அடுக்குவோருக்கு

ஆய்வேட்டை முடிக்கும் பருவம் வந்தால் மாணவர்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் கணக்கெல்லாம் சரியாக முடிந்திருக்கும். நாலு வரைபடத்தை ஒரே பக்கத்தில் இரண்டுக்கு இரண்டாக அடுக்குவதில்தான் இரண்டு நாள் போயிருக்கும். திரும்பத் திரும்ப அதே கோளாறுகள்தான் வருகின்றன என்பதால் அவற்றை அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒவ்வொரு தலைப்பிலும் சுலபமாகச் சரியாகும் காரணம் முதலில், வேலை அதிகம் வாங்கும் காரணம் கடைசியில்.

எடுத்துக்காட்டுக்கு ஆருடன் சேர்ந்தே வரும் ஏர்குவாலிட்டி தரவை எடுத்துக்கொள்கிறேன். 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் 153 நாட்களுக்கு எடுத்த அளவுகள் அதில் இருக்கின்றன: ஓசோன், சூரியக் கதிர்வீச்சு, காற்றின் வேகம், வெப்பநிலை. நாலு மாறி, நாலு படம். அவற்றை ப1, ப2, ப3, ப4 என்று அழைப்போம். கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றின் அசல் எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்

ஆரை மறுபடி தொடங்குங்கள். ஆரை ஓட்டப் பலரும் பயன்படுத்தும் ஆர்ஸ்டூடியோ செயலியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்10 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். மாறிகளை அழிப்பது இதற்கு ஈடாகாது. முன்பு ஏற்றிய பேக்கேஜ்களும் (கூடுதல் கட்டளைத் தொகுப்புகள்), திறந்து கிடக்கும் படக் கோப்புகளும், மாற்றி வைத்த ஓர அளவுகளும் அப்படியே தங்கியிருக்கும். மறுதொடக்கத்துக்குப் பின் நிரலை மேலிருந்து கீழாக ஒரு முறை ஓட்டினாலே மறைந்துவிடும் கோளாறுகள் நிறைய.

அடுத்து ஒரு கேள்வி. உங்கள் நாலு படமும் ஒரே படத்தின் நாலு பிரிவுகளா? ஓசோனை மாதவாரியாகக் காட்ட ஐந்து தனிப் படங்கள் வரைந்து அடுக்குகிறீர்கள் என்றால் அடுக்கவே வேண்டாம். ஃபேசெட்_ரேப் ஒரே வரியில் அதைச் செய்துவிடும். அச்சுகளும் குறிவிளக்கமும் (எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று காட்டும் பெட்டி) தாமே ஒத்துப்போகும். வேறு வேறு மாறிகள், வேறு வேறு வகைப் படங்கள் என்றால் மட்டும் கீழே தொடருங்கள்.

## அறிகுறி: இரண்டுக்கு இரண்டு என்று சொல்லியும் ஒவ்வொரு படமும் தனிப் பக்கமாக வருகிறது

படத்தை எந்தக் கட்டளையால் வரைந்தீர்கள் என்று பாருங்கள். பிளாட், ஹிஸ்ட், பாக்ஸ்பிளாட், பார்பிளாட் ஆகியவை ஆரின் அடிப்படை முறையைச் சேர்ந்தவை. ஜிஜிபிளாட்2, லேட்டிஸ் இரண்டும் கிரிட் என்ற வேறொரு முறையின் மேல் கட்டப்பட்டவை. பட அமைப்புகளை மாற்றும் பார் என்ற கட்டளைக்குள், எத்தனை வரிசை எத்தனை நெடுவரிசை என்பதை எம்எஃப்ரோ என்று கொடுப்பது அடிப்படை முறைக்கு மட்டுமே கேட்கும். மற்ற இரண்டும் அதைக் கண்டுகொள்ளாது. பிழைச் செய்தியும் தராது. அதனால்தான் இதில் இவ்வளவு நேரம் போகிறது.

### ஜிஜிபிளாட் படம் என்றால்

பேட்ச்வொர்க் பேக்கேஜை ஏற்றி (ப1 | ப2) / (ப3 | ப4) என்று எழுதுங்கள். நிமிர்ந்த கோடு பக்கத்தில் வைக்கும், சாய்கோடு கீழே வைக்கும். கிரிட்எக்ஸ்ட்ராவின் கிரிட்.அரேஞ்ச், கவ்பிளாட்டின் பிளாட்_கிரிட் ஆகியவையும் இந்த வேலையைச் செய்யும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பேட்ச்வொர்க்கைத்தான் சொல்வேன். காரணம் அச்சுகள் பற்றிய தலைப்பில் வரும்.

### லேட்டிஸ் படம் என்றால்

பிரிண்ட் கட்டளைக்கு ஸ்ப்ளிட் என்ற நாலு எண்களைக் கொடுக்க வேண்டும். முதல் எண் நெடுவரிசை, இரண்டாவதுதான் கிடைவரிசை. பழக்கதோஷத்தில் மாற்றிப் போட்டுவிட்டுப் படம் இடம் மாறிவிட்டது என்று வருபவர்கள் உண்டு. கடைசிப் படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மோர் என்பதை ட்ரூ என்று வையுங்கள்.

### அடிப்படை முறையில் வரைந்தும் கேட்கவில்லை என்றால்

முதலில் வரிசையைப் பாருங்கள். பார் அமைப்பு அந்த நேரத்தில் திறந்திருக்கும் டிவைஸுக்கு (படம் வரையப்படும் திரைச் சட்டம் அல்லது கோப்பு) மட்டும் சொந்தம். பாரை எழுதிவிட்டு அதற்குப் பிறகு பிஎன்ஜி கோப்பைத் திறந்தால், புதிய கோப்புக்கு அந்த அமைப்பு போய்ச் சேராது. கோப்பைத் திறந்த பிறகு பாரை எழுதுங்கள்.

அதுவும் சரி என்றால், ஹீட்மேப், ஃபில்ட்.கான்டூர், கோபிளாட் ஆகியவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இவை பக்கத்தைத் தாங்களே கூறுபோட்டுக்கொள்பவை. இவற்றை எம்எஃப்ரோ கட்டத்துக்குள் உட்கார வைக்க முடியாது. அதே படத்தை ஜிஜிபிளாட்டின் ஜியோம்_டைலால் வரைந்துகொள்வது நல்ல வழி. அவசரமென்றால் தனிக் கோப்பாகச் சேமித்து, ஆவணத்தில் அட்டவணைக்குள் அடுக்கிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஓரங்கள் மிகப் பெரிது என்று சிவப்பில் ஒரு செய்தி

"ஃபிகர் மார்ஜின்ஸ் டூ லார்ஜ்" என்று வரும். படம் வரைய இடமே மிஞ்சவில்லை என்று பொருள். அடிப்படை முறையில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே 5.1 வரி, இடப்பக்கம் 4.1, மேலே 4.1, வலப்பக்கம் 2.1 என்று ஓரம் விடப்படுகிறது. தனிப் படத்தில் மேலும் கீழும் சேர்த்து இது 1.84 அங்குலம். இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் ஆர் எழுத்தளவை 0.83 மடங்காகவும், மூன்று வரிசையோ அதற்கு மேலோ போனால் 0.66 மடங்காகவும் குறைக்கிறது. ஓரமும் அதே அளவுக்குச் சுருங்கும். அப்படிச் சுருங்கிய பிறகும் நாலு வரிசைக் கட்டத்தில் ஓரங்கள் மட்டுமே கிட்டத்தட்ட 4.9 அங்குல உயரத்தை விழுங்கிவிடும். ஆர்ஸ்டூடியோவின் மூலைச் சட்டத்தில் அவ்வளவு உயரம் பெரும்பாலும் இருப்பதில்லை.

செய்ய வேண்டியவை இந்த வரிசையில்: படச் சட்டத்தை இழுத்துப் பெரிதாக்கி மறுபடி ஓட்டுங்கள். போதவில்லை என்றால் பாருக்குள் எம்ஏஆர் மதிப்பை 4, 4, 2, 1 என்று குறையுங்கள். அதற்குப் பிறகும் வந்தால் திரையை விட்டுவிட்டு, அகலம் உயரம் சொல்லி ஒரு பிஎன்ஜி கோப்புக்குள் நேராக வரையுங்கள். இந்தப் பிழைக்குப் பின் "இன்வேலிட் கிராஃபிக்ஸ் ஸ்டேட்" என்று இன்னொன்று வரலாம். அதற்கு டெவ்.ஆஃப் ஒரு முறை போதும்.

கட்டம் போட்ட பிறகு வரைகிற எல்லாப் படமும் சின்னதாகவே வருகிறது என்றாலும் காரணம் இதுதான்: மாற்றிய பார் அமைப்பு அப்படியே நிற்கிறது. மாற்றும்போதே பழையதை ஒரு மாறியில் பிடித்து வைத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள்.

## அறிகுறி: ப1 + ப2 என்று எழுதினால் சேர்க்க முடியாது என்கிறது

ஜிஜிபிளாட் படத்தோடு ப2-ஐச் சேர்க்க முடியாது என்றோ, எண் அல்லாததை வைத்துக் கணக்குப் போட முடியாது என்றோ செய்தி வந்தால், பேட்ச்வொர்க் ஏற்றப்படவில்லை. நிறுவுவது ஒரு முறை. ஏற்றுவது ஒவ்வொரு முறை ஆரைத் திறக்கும்போதும்.

கூட்டல் குறி ஒற்றையாக நிற்கிறது என்று செய்தி சொன்னால், குறி வரியின் தொடக்கத்துக்குப் போய்விட்டது. அது முந்தைய வரியின் கடைசியில் இருக்க வேண்டும்.

"ஒன்லி கிராப்ஸ் அலவ்ட் இன் ஜிலிஸ்ட்" என்று வந்தால் படங்களைப் பட்டியலாக வைத்து, அதை அப்படியே கிரிட்.அரேஞ்சுக்குள் போட்டிருக்கிறீர்கள். கிராப்ஸ் என்ற பெயரைச் சொல்லிப் பட்டியலைக் கொடுங்கள். பேட்ச்வொர்க்கில் ரேப்_பிளாட்ஸ் பட்டியலை நேராகவே வாங்கிக்கொள்ளும். பட்டியலுக்குள் அடிப்படை முறைப் படம் ஏதும் நுழைந்திருந்தாலும் இதே செய்தி வரலாம், ஏனென்றால் பிளாட் கட்டளை படத்தைத் திரையில் தீட்டிவிடுகிறது. மாறிக்குள் எதையும் வைப்பதில்லை. அடிப்படைப் படத்தையும் ஜிஜிபிளாட் படத்தையும் கலந்தே ஆக வேண்டும் என்றால் கிரிட்கிராஃபிக்ஸ் பேக்கேஜை நிறுவி, பேட்ச்வொர்க்கின் ரேப்_எலிமென்ட்ஸுக்குள் அலைக்குறி போட்டுக் கொடுங்கள்.

நேற்று வரை ஓடிய நிரல் ஒரு புதுப்பிப்புக்குப் பின் உடைந்தது என்றால் பதிப்புகளைப் பாருங்கள். 2025-இல் வந்த ஜிஜிபிளாட்2-இன் 4.0.0 பதிப்பில் உள்கட்டுமானம் எஸ்7 என்ற புதிய பொருள்நோக்கு நிரலாக்க முறைக்கு மாறியது. அதைச் சார்ந்து நிற்கும் பழைய துணைப் பேக்கேஜ்கள் சில அதனோடு ஒத்துப்போகாமல் தடுமாறும். ஒன்றை மட்டும் புதுப்பிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துப் புதுப்பியுங்கள். ஆய்வேடு நடுவில் இருப்பவர்கள் ரென்வ் பேக்கேஜால் பதிப்புகளைப் பூட்டி வைத்துக்கொள்வது நல்லது. அரை நாள் வேலைதான். ஆறு மாதம் கழித்து, நடுவர் கேட்ட திருத்தத்தைச் செய்யும்போது அதன் அருமை தெரியும்.

## அறிகுறி: ஃபார் சுற்றுக்குள் வரைந்தால் ஒன்றுமே வரவில்லை, அல்லது எல்லாம் ஒரே படமாக வருகிறது

இந்தத் தலைப்பை மட்டும் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்றக் கோளாறுகள் படத்தைக் கெடுக்கும். இதில் வரும் இரண்டாவது கோளாறு முடிவையே கெடுக்கும்.

### ஒன்றுமே வரவில்லை

கன்சோலில் ப1 என்று அடித்தால் ஆர் தானாக அச்சிட்டுக் காட்டும். ஃபார் சுற்றுக்குள்ளும் ஃபங்ஷனுக்குள்ளும் அந்தத் தானியக்கம் கிடையாது. பிரிண்ட் என்று நீங்களே சொல்ல வேண்டும். வெற்றுக் கோப்பு சேமிக்கப்படுவதற்கும் இதுவே காரணம்.

### தலைப்பு வேறு வேறு, படம் ஒன்றே

ஒரு மாணவி ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள் வந்தார். நாலு படம், நாலு தலைப்பு, அழகான கட்டம். ஆனால் நாலு படத்திலும் புள்ளிகள் ஒரே இடங்களில் இருந்தன. ஒவ்வொரு படமும் சின்னதாக இருந்ததால் அவருக்கும் தெரியவில்லை, வழிகாட்டிக்கும் தெரியவில்லை. சுற்று எந்த மாறியில் முடிந்ததோ அந்த மாறிதான் நாலு பெட்டியிலும் வரையப்பட்டிருந்தது.

நடந்தது இது. எந்த மாறி எந்த அச்சுக்கு என்று சொல்லும் ஏஈஎஸ் கட்டளைக்குள் நீங்கள் எழுதுவதை ஜிஜிபிளாட் உடனே கணக்கிடாது. படத்தை அச்சிடும் நொடியில்தான் கணக்கிடும். சுற்று முடிந்த பிறகு நாலு படத்தையும் சேர்த்து அச்சிடும்போது, சுற்று மாறியில் கடைசிப் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கும். தலைப்போ எழுதிய உடனே முடிவாகிவிடும். அதனால்தான் தலைப்பு சரியாகவும் தரவு தவறாகவும் நிற்கிறது. புள்ளி டேட்டா என்ற சொல்லுக்குள் மாறிப் பெயரைக் கொடுத்தாலும் தப்ப முடியாது. ஃபார் சுற்றில் அதுவும் கடைசிப் பெயரைத்தான் பிடிக்கும்.

சோதிக்கும் வழி எளிது. தரவின் மிகக் குறைந்த, மிக அதிக மதிப்புகளை ரேஞ்ச் கட்டளையால் எடுத்து அச்சோடு ஒப்பிடுங்கள். ஏர்குவாலிட்டியில் வெப்பநிலை 56 முதல் 97 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகிறது. ஓசோன் 1 முதல் 168 வரை. "ஓசோன்" என்று தலைப்பிட்ட படத்தில் அச்சு 60, 70, 80, 90 என்று ஓடினால் அது ஓசோன் இல்லை.

தீர்வும் எளிது. ஃபார் சுற்றை விட்டு எல்அப்ளைக்கு மாறுங்கள். படம் வரையும் வரிகளை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, மாறிகளின் பெயர்ப் பட்டியலை எல்அப்ளையிடம் கொடுங்கள். ஒவ்வொரு அழைப்பும் தன் பெயரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். திரும்பி வரும் பட்டியலை ரேப்_பிளாட்ஸிடம் கொடுத்து நெடுவரிசை 2 என்று சொன்னால் கட்டம் தயார். சுற்றை விட மனமில்லை என்றால் புள்ளி டேட்டாவுக்குள் மாறிப் பெயருக்கு முன் இரண்டு ஆச்சரியக்குறி போட்டு உடனே கணக்கிட வைக்கலாம். நான் எல்அப்ளையையே சொல்கிறேன். மறந்துபோக அதில் எதுவும் இல்லை.

ஏற்கெனவே ஃபார் சுற்றால் வரைந்து அனுப்பிய கட்டுரை இருந்தால், இன்றைக்கே அந்தப் படங்களை எடுத்து அச்சு எண்களைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் வழிகாட்டியிடம் உடனே சொல்லிவிடுங்கள். அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம்.

## அறிகுறி: படங்கள் கட்டத்தில் இருக்கின்றன, அச்சுகள் நேர்கோட்டில் இல்லை

கிரிட்.அரேஞ்ச் ஒவ்வொரு படத்துக்கும் சமமான பெட்டி தரும். பெட்டிக்குள் அச்சு எண்களுக்கும் பெயருக்கும் போக மிச்சம்தான் வரைதளம். கதிர்வீச்சுக்கு 300 என்று மூன்று இலக்கம், வெப்பநிலைக்கு 90 என்று இரண்டு இலக்கம். அந்த ஓர் இலக்க வித்தியாசத்தால் மேல் படத்தின் இடக்கோடு ஓரிடத்திலும் கீழ்ப் படத்தின் இடக்கோடு வேறிடத்திலும் நிற்கும். மேலும் கீழும் ஒரே தேதி அச்சு இருந்தால் வாசகரின் கண் தவறான நாளில் போய் இறங்கும். அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

பேட்ச்வொர்க்குக்கு மாறினாலே இது சரியாகிவிடும். வரைதளங்களை அது தானாகவே ஒழுங்கு செய்கிறது. கவ்பிளாட்டில் இருப்பவர்கள் பிளாட்_கிரிட்டுக்கு அலைன் என்பதில் ஹெச்வி என்றும், ஆக்சிஸ் என்பதில் நாலு பக்க எழுத்துகளையும் கொடுக்க வேண்டும். அலைன் மட்டும் கொடுத்துவிட்டு நேராகவில்லை என்று வருபவர்கள் அதிகம். ஆக்சிஸும் சேர்ந்தே வேண்டும்.

பேட்ச்வொர்க்கிலும் இடைவெளி விழுகிறதா? ஏதோ ஒரு படத்தில் கோஆர்ட்_ஃபிக்ஸ்ட் இருக்கிறதா, அல்லது அது நிலவரைபடமா என்று பாருங்கள். நீள அகல விகிதம் பூட்டப்பட்ட படம் மற்றவற்றோடு நீண்டு சுருங்க முடியாது. விகிதம் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். தேவை என்றால் பிளாட்_லேஅவுட்டில் அகலங்களை நீங்களே சொல்லுங்கள்.

ஒரே அச்சுப் பெயர் ஒவ்வொரு படத்திலும் திரும்ப வருவது உறுத்தினால், பேட்ச்வொர்க் 1.2.0 முதல் பிளாட்_லேஅவுட்டில் ஆக்சிஸ்_டைட்டில்ஸ் என்பதற்கு கலெக்ட் என்று கொடுக்கலாம்.

## அறிகுறி: தீம் கடைசிப் படத்தில் மட்டும் மாறுகிறது, அல்லது படங்கள் இடம் மாறி நிற்கின்றன

கூட்டல் குறி போட்டுத் தீமை (எழுத்து, பின்னணி போன்ற தோற்ற அமைப்பு) சேர்த்தால் அது கடைசிப் படத்துக்கு மட்டும் போகும். எல்லாப் படத்துக்கும் போக & குறி வேண்டும்.

& போட்டும் ஒரே படம்தான் மாறியது என்றால் அடைப்புக்குறியைப் பாருங்கள். ஆரில் & குறி நிமிர்ந்த கோட்டைவிட முந்தி வேலை செய்யும். ப1 | ப2 & தீம் என்று எழுதினால் தீம் முதலில் ப2-ஐப் பிடித்துக்கொள்ளும்; ப1 வெளியே நிற்கும். (ப1 | ப2) & தீம் என்று எழுதுங்கள். இடம் மாறும் சிக்கலும் இதே வகைதான். சாய்கோடு நிமிர்ந்த கோட்டைவிட முந்தியது என்பதால் ப1 | ப2 / ப3 என்பதில் ப2-உம் ப3-உம் முதலில் சேர்ந்து வலப்பக்க நெடுவரிசையாகிவிடும். அடைப்புக்குறிக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

## அறிகுறி: ஒரே குறிவிளக்கம் நாலு முறை வருகிறது

பிளாட்_லேஅவுட்டில் கைட்ஸ் என்பதற்கு கலெக்ட் என்று கொடுங்கள். கீழே வர வேண்டும் என்றால் & போட்டு லெஜெண்ட் இடத்தைச் சொல்லுங்கள்.

சேர்த்த பிறகும் இரண்டு நிற்கிறது என்றால் அவை இரண்டும் முழுக்க ஒன்றல்ல. தலைப்பு, பெயர்கள், வரிசை, நிறங்கள், எல்லைகள் எல்லாம் ஒத்திருந்தால்தான் பேட்ச்வொர்க் ஒன்றாக்கும். ஏர்குவாலிட்டியில் அடிக்கடி நடப்பது: மாதம் 5 முதல் 9 வரை எண்ணாக இருக்கிறது. ஒரு படத்தில் அப்படியே நிறத்துக்குக் கொடுத்திருப்பீர்கள், இன்னொன்றில் ஃபேக்டராக (தனித்தனி வகைகளாக) மாற்றியிருப்பீர்கள். முதலாவதுக்கு நிறப்பட்டை வரும், இரண்டாவதுக்குத் தனித்தனிப் புள்ளிகள். படம் வரைவதற்கு முன்பே, தரவிலேயே ஒரு முறை ஃபேக்டராக்கிவிடுங்கள். தொடர் எண்ணை நிறமாக்கும் படங்களில் எல்லைகளை எல்லாவற்றுக்கும் ஒன்றாக வையுங்கள். எல்லை வேறாக இருந்தால் ஒரே சிவப்பு ஒரு படத்தில் 100-ஐயும் இன்னொன்றில் 168-ஐயும் குறிக்கும்.

கவ்பிளாட்டின் கெட்_லெஜெண்டால் குறிவிளக்கத்தைத் தனியே எடுத்து ஒட்டும் பழைய நிரல்கள், 2024-இல் வந்த ஜிஜிபிளாட்2 3.5.0 பதிப்புக்குப் பின் வெற்றிடத்தைத் தரக்கூடும். கலெக்டுக்கு மாறிவிடுங்கள்.

## அறிகுறி: திரையில் சரி, சேமித்த கோப்பில் தவறு

### கட்டத்துக்குப் பதில் ஒரே படம் சேமிக்கப்படுகிறது

ஜிஜிசேவிடம் எதைச் சேமிப்பது என்று சொல்லாவிட்டால், கடைசியாக வந்த ஜிஜிபிளாட் படத்தை எடுத்துக்கொள்ளும். கிரிட்.அரேஞ்ச் வரைந்த கட்டம் அந்தக் கணக்கில் சேராது. அரேஞ்ச்கிராபால் கட்டத்தை ஒரு மாறியில் வைத்து, அந்தப் பெயரை ஜிஜிசேவுக்குக் கொடுங்கள். பேட்ச்வொர்க்கிலும் பெயர் சொல்லிச் சேமிப்பதே பாதுகாப்பு.

அடிப்படை முறையில், எம்எஃப்ரோ இல்லாமல் ஒரே பிஎன்ஜி பெயருக்குள் நாலு படம் வரைந்தால் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டுக் கடைசியானது மட்டும் மிஞ்சும்.

### கோப்பு திறக்கவில்லை

டெவ்.ஆஃப் விட்டுப்போயிருக்கிறது. நடுவில் பிழை வந்து நிரல் நின்றிருந்தால் கோப்புகள் பல திறந்தே கிடக்கலாம். இனி மூட ஒன்றும் இல்லை என்று சொல்லும் வரை டெவ்.ஆஃப் போடுங்கள்.

### எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சின்னது

என்னிடம் வரும் ஆய்வேடுகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். அளவு சொல்லாமல் ஜிஜிசேவ் போட்டால், அந்த நேரத்தில் உங்கள் படச் சட்டம் எவ்வளவு பெரிதாக இருந்ததோ அதே அளவில் சேமிக்கும். நேற்றும் இன்றும் ஒரே நிரலில் வேறு வேறு படம் வருவதற்கு இதுவே காரணம்.

ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம். இருபக்கமும் 25 விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 160. படத்தை 320 மில்லிமீட்டர் அகலத்தில் சேமித்து வேர்டில் இழுத்துப் பாதியாக்கினால் எழுத்தும் பாதியாகும். ஜிஜிபிளாட்டின் இயல்பு எழுத்தளவு 11 புள்ளி. அச்சு எண்கள் அதில் 0.8 மடங்கு, அதாவது 8.8. பாதியானால் 4.4. அச்சிட்ட தாளில் அதை யாரும் படிக்க முடியாது.

எனவே படம் தாளில் எந்த அகலத்தில் உட்காரப் போகிறதோ அதே அகலத்தில் சேமியுங்கள்: அகலம் 160, உயரம் 140, அலகு மில்லிமீட்டர், அடர்த்தி 300. ஆவணத்தில் போட்ட பிறகு மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் அடர்த்தியைக் கூட்டுவதால் பயன் இல்லை. அது கூர்மையைக் கூட்டும், அளவைத் தொடாது. எல்லாப் படத்துக்கும் சேர்த்து, தீமின் அடிப்படை எழுத்தளவான பேஸ்_சைஸை மாற்றுங்கள்.

160 மில்லிமீட்டருக்குள் நாலு நெடுவரிசை நிற்காது என்றால், நிற்காதுதான். இரண்டு பக்கமாகப் பிரியுங்கள், அல்லது தாளைக் கிடையாகத் திருப்புங்கள்.

## அறிகுறி: தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக, அல்லது கொம்பு இடம் மாறி வருகின்றன

தமிழில் ஆய்வேடு எழுதுபவர்கள் ஆங்கிலப் பெயரோடு படத்தைப் போட்டுவிட்டு, "ஆரில் தமிழ் வராது" என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். வரும். மூன்று இடத்தைப் பாருங்கள்.

வெற்றுக் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவி, தீமில் ஃபேமிலி என்ற இடத்தில் அதன் பெயரைக் கொடுங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ ஏற்கெனவே இருக்கும்.

எழுத்து வருகிறது, ஆனால் "வெப்பநிலை" என்பதில் கொம்பு வ-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது என்றால், எழுத்துகளைக் கோத்துத் தரும் வேலை நடக்கவில்லை. ராக் பேக்கேஜை நிறுவுங்கள். அது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோக்கும் மென்பொருள் வழியாகத் தமிழை ஒழுங்காகக் கோக்கும். ராக் இருந்தால் ஜிஜிசேவ் பிஎன்ஜிக்கு அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். திரைக்கு வேண்டுமென்றால் ஆர்ஸ்டூடியோவின் குளோபல் ஆப்ஷன்ஸில், ஜெனரலுக்குள், கிராஃபிக்ஸ் பகுதியில் பேக்எண்டை ஏஜிஜி என்று மாற்றுங்கள். சோதனைச் சொல்லாக "வெப்பநிலை"யே போதும். வெ, லை இரண்டும் சரியாக வந்தால் மற்றவையும் வந்துவிடும்.

பிடிஎஃபில் மட்டும் எழுத்துக்குப் பதில் புள்ளிகள் என்றால், இயல்பான பிடிஎஃப் டிவைஸால் தமிழைக் கையாள முடியவில்லை. ஜிஜிசேவில் டிவைஸ் என்பதற்கு கைரோ_பிடிஎஃப் என்று கொடுங்கள்.

படங்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று அடையாளம் இட பேட்ச்வொர்க்கின் பிளாட்_அனொட்டேஷனில் டேக்_லெவல்ஸுக்கு அந்த நாலு எழுத்தையும் ஒரு பட்டியலுக்குள் வைத்துக் கொடுத்தால் போதும்.

பல்கலைக்கழக சர்வரில் ஓட்டுபவர்களுக்கு எழுத்துரு நிறுவும் உரிமை இருக்காது. அதில் மல்லுக்கட்ட வேண்டாம். எந்த எழுத்துரு என்று குறிப்பிட்டு சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி: 37 வரிசைகள் நீக்கப்பட்டன என்ற எச்சரிக்கை

ஓசோனில் 37 நாட்களுக்கு அளவு இல்லை, கதிர்வீச்சில் 7. எச்சரிக்கை சொல்லும் எண் அதோடு ஒத்துப்போனால் கோளாறு இல்லை. எண் கூடுதலாக இருந்தால், கட்டத்தில் அச்சுகளைச் சமமாக்க நீங்கள் போட்ட ஒய்லிம் (செங்குத்து அச்சின் எல்லை) தரவை வெட்டுகிறது. எல்லையைக் கோஆர்ட்_கார்ட்டீசியனுக்குள் கொடுங்கள். அது பார்வையை மட்டும் குறுக்கும், தரவைத் தொடாது. கூடவே ஒரு போக்குக்கோடு வரைந்திருந்தால் இதைக் கட்டாயம் மாற்றுங்கள், ஏனென்றால் வெட்டப்பட்ட தரவில் கோடே வேறு மாதிரி போகும்.

## எப்போது இன்னொருவரிடம் கொண்டுபோவது

மறுதொடக்கம், எல்லாப் பேக்கேஜும் புதுப்பித்தல், மேலே உள்ள சோதனைகள் என எல்லாம் முடிந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதே பிழை என்றால் நிறுத்துங்கள். இதழின் அச்சுப் பிரிவு வேறு நிறமுறையோ கோப்பு வகையோ கேட்டால், கட்டத்தை எஸ்விஜியாகச் சேமித்து வடிவமைப்பாளரிடம் கொடுத்துவிடலாம். அந்த வேலையை ஆருக்குள் இழுத்துச் செய்வதற்கு ஆகும் நேரம் அதிகம். நாலு படத்துக்கும் ஒரே அளவுகோல் வைப்பதா, தனித்தனியா என்பது நிரல் சிக்கல் இல்லை. அதைப் புள்ளியியல் தெரிந்த வழிகாட்டியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

பேக்கேஜிலேயே பிழை என்று தோன்றினால் அதை உருவாக்கியவர்களிடம் கேட்கலாம். கேட்கும்போது உங்கள் 600 வரி நிரலை அனுப்பாதீர்கள். ஏர்குவாலிட்டி போன்ற உள்ளேயே இருக்கும் தரவை வைத்து, அதே பிழை வரும்படி பத்து வரியில் எழுதுங்கள். ரெப்ரெக்ஸ் பேக்கேஜ் அந்தப் பத்து வரியைச் சுத்தமான புதிய ஆரில் ஓட்டி, செய்தியோடு சேர்த்துத் தரும். செஷன்இன்ஃபோ காட்டும் பதிப்புப் பட்டியலையும் இணையுங்கள். நிரலைப் பத்து வரியாகக் குறைத்துக்கொண்டு வரும்போதே பிழை எந்த வரியில் இருக்கிறது என்று பலருக்குத் தெரிந்துவிடுகிறது.